லீக்ஸுக்கும் ஊர் கேட்டார்கள்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்து வாசியுங்கள்.

சண்டைக் காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் பரிமாறினேன். பக்கத்து லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள்தான் மத்தியானம் சாப்பிட வருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும், "நீங்கள் எவடம்?" என்று ஊர் கேட்ட பிறகே சோற்றில் கை வைப்பார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கிற ஆள் இல்லை.

கடைக்கு லீக்ஸ், அதாவது வெங்காயத்தாள் மாதிரித் தடித்த ஒரு காய்கறி, அனுப்பியது மலைநாட்டில் கந்தப்பளையில் இருந்த என் அக்கா. அத்தான் படுக்கையில். அந்தத் துண்டுத் தோட்டத்தை நம்பித்தான் நாலு பேர் சாப்பிட்டார்கள். இங்கேயோ எல்லாரும் லீக்ஸை இலை ஓரத்தில் ஒதுக்கினார்கள். மாட்டுக்குப் போடுகிற புல் என்று நக்கல் வேறு. இன்றைக்கும் திரும்பி வந்தால் நாளையிலிருந்து லீக்ஸ் வேண்டாம் என்று ஒரு நாள் முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

அன்று குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. அவசரத்தில் நான் லீக்ஸை மடல் பிரித்துக் கழுவவில்லை.

சுன்னாகத்தில் வெங்காயத் தோட்டம் செய்த ஒருவர் லீக்ஸின் முதல் வாயிலேயே எதையோ 'நறுக்'கென்று கடித்தார். மேசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். அவர் வாயிலிருந்து எடுத்ததை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கறுப்பு மண். தம்பி, இது எவடத்து லீக்ஸ்?"

"கந்தப்பளை, ஐயா. எங்க அக்கா நட்டது. சரியாக் கழுவாதது என்னோட பிழை."

தண்டு எப்படி இவ்வளவு வெள்ளையாக வருகிறது என்று கேட்டார். வளர வளர அடியில் மண் அணைக்க வேண்டும், அதனால்தான் மடலுக்குள் மண் போகிறது என்றேன். மழை, உரம், அட்டை என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

"அப்ப இது எங்கடை வெங்காயத்துக்கு மச்சான் முறை," என்றார் அவர்.

"மச்சானையே மூலையில தள்ளி வைச்சிருக்கிறாய்? சாப்பிடு," என்றார் பக்கத்திலிருந்தவர், எதிரே லீக்ஸை ஒதுக்கியிருந்தவரிடம்.

இலை ஓரங்கள் காலியாகின. இரண்டாம் தரம் கேட்டார்கள். பிறகு கத்தரிக்காய்க்கும் ஊர் கேட்டார்கள். முதலாளியே வெளியே வந்து, தம்புள்ளை என்றார். லீக்ஸ் சட்டியை நான் வழித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

வாரம் இரண்டு மூட்டை அனுப்பச் சொல் என்றார் முதலாளி. அன்றைக்கே அக்காவுக்குத் தபாலட்டை போட்டேன். இதை எழுதத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள், வியாழக்கிழமை.