நாற்பத்து மூன்று முறை செத்தவள்

பிரேமலதா தன் நாத்தனாரை நாற்பத்து மூன்று முறை கொன்றிருக்கிறாள். கிணற்றடியில் வெட்டி, கழுத்தை நெரித்து, தண்டவாளத்தில் கிடத்தி, ஒரு தடவை ஃபிரிட்ஜுக்குள் அடைத்துக்கூட. எல்லாம் மாத நாவல்களுக்கு அவள் வரைந்த அட்டையில்தான். ஆனாலும் அறுபத்தாறு வயதில், ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில், அதே நாத்தனார் அழகம்மாள் ஆற்றிக் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தபோது அவளால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

நினைக்க வைத்துவிட்டுப் போனவர் நவநீதன் என்ற கல்லூரி ஆசிரியர். பழைய நாவல் அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். ஏதோ ஒரு ஓவியத்தின் பின்பக்கம் அவளுடைய பழைய கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் முகவரி இருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"அட்டையில கையெழுத்துப் போட்ட அந்த 'பிரேம்' நீங்கதானா மேடம்? இத்தனை வருஷமா ஆம்பளைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம்!"

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி என்றார். முறுக்குத் தட்டோடு வந்த அழகம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "எங்க லதாவா வரைஞ்சா? அப்ப நானும் வரேன்." சாயங்காலத்துக்குள் நான்கு மாடிக்கும் சேதி போய்விட்டது.

உறையூர்க்காரியான பிரேமலதா டிராயிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். கல்யாணமாகிக் கைலாசபுரத்துக்கு வந்தபோது அந்தச் சான்றிதழைப் பார்த்த ஒரே ஆள் கணவன் வீரமலை. அவன்தான் மலைக்கோட்டைச் சந்தில் இருந்த அச்சகத்துக்காரரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தான். அங்கே கதைக்கு முன்னால் அட்டை தயாராகிவிடும். 'கிணறு, பெண், ரத்தம், வெள்ளிக்கிழமைக்குள்' என்று துண்டுச் சீட்டு வரும். இவள் வரைந்து கொடுத்த பிறகு, அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் கதை எழுதுவார்.

மாடலுக்கு எங்கே போவது? வலது கையில் பிரஷ் இருந்ததால், கண்ணெதிரே நீட்ட மிஞ்சியது இடது கை. அதனால் அவளுடைய கொலைகாரர்கள் எல்லோரும் இடது கைக்காரர்களாகிப் போனார்கள். சிறுவயதில் ஆட்டுக்கல்லில் நசுங்கிக் கோணிக்கொண்ட அவளுடைய சுண்டுவிரலும் அப்படியே அட்டையேறியது. மாதாமாதம் கொல்பவன் ஒரே ஆள்தானா என்று ஒரு வாசகர் கார்டு போட்டுக் கேட்டார்.

செத்தவளின் முகம் வந்த கதை வேறு. சனிக்கிழமை தவறாமல் லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள் அழகம்மாள். ரசத்தில் புளி, ஜன்னலில் தூசி, ஏதாவது ஒரு குற்றம் இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட பிரேமலதாவால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது கருவும் கலைந்து அவள் படுத்துக் கிடந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேர் எதிரில், "இவ வயித்துல எதுவும் தங்காது" என்றாள் அழகம்மாள்.

அந்த வாரம்தான் கிணற்றுச் சீட்டு வந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட அழகம்மாளின் முகத்தைக் கிணற்றடியில் கிடத்தி, நெற்றியில் ரத்தத்தை வழியவிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. அடுத்த சனிக்கிழமை நாத்தனாருக்குச் சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். அட்டை கட்டிலுக்கடியில் இருந்தது.

இப்போது வீரமலை இல்லை, அழகம்மாளின் வீட்டுக்காரரும் இல்லை. பிள்ளையில்லாத இவளும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அவளும் ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில். போன வருஷம் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பிரேமலதாவைக் குளிப்பாட்டிவிட்டது அழகம்மாள்தான். இந்த ஒரு ஆளையும் இழந்துவிட்டால் தனக்கு யார் என்ற பயம் வாரம் முழுக்க அவளைத் தின்றது.

"அந்த மண்டபத்துக்குப் படி ஜாஸ்தி அண்ணி. வெயில் வேற."

"உனக்குத்தான் முட்டி வலி. எனக்கென்ன கேடு?"

நவநீதனுக்குப் போன் செய்து, அந்தக் கிணறு மட்டும் வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தாள். "ஐயோ மேடம், அதைத்தான் வாசல்லயே பெரிசா வச்சிருக்கோம்!"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பட்டுப்புடவையில் அழகம்மாள் புது மாப்பிள்ளையின் அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஆள் உயரத்துக்குக் கிணறு. அழகம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "பாவம், யாரு பெத்த பொண்ணோ. மூக்கும் முழியுமா இருக்கா." அடையாளம் தெரியவில்லை! பிரேமலதாவுக்குப் போன உயிர் திரும்பியது. உள்ளே போய்விடலாம் என்று முழங்கையைப் பிடித்தாள்.

அழகம்மாள் நகரவில்லை. படத்தில் அரிவாளைப் பிடித்திருந்த கையையே பார்த்தாள்.

"இது உன் கையில்ல?"

தான் குளிப்பாட்டிவிட்ட கையின் கோணல் சுண்டுவிரல் தெரியாமல் போகுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி செத்தவளைப் பார்த்தாள். கை தன் மூக்குத்தியைத் தொட்டது.

"நானா?"

"அன்னிக்கு சொன்னீங்கல்ல அண்ணி. எதுவும் தங்காதுன்னு." பிரேமலதா அவள் முழங்கையை விட்டுவிட்டாள்.

"சொன்னேன். பஸ் ஏறினதும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அடுத்த வாரம் நீ சிரிச்சுக்கிட்டே சோறு போட்டியா, சரி, மறந்துட்டான்னு இருந்துட்டேன்." பிறகு கேட்டாள், "இது மாதிரி எத்தனை?"

"நாப்பத்தி மூணு."

"ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தொலைச்சிருக்கலாமேடி."

அதற்குள் நவநீதன் கேமராவோடு வந்து, ஓவியர் மட்டும் படத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்றார்.

"நானும் நிக்கிறேன் தம்பி. என் படம்தான் அது" என்றாள் அழகம்மாள். நவநீதன் விழித்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரேமலதாவின் இடது பக்கமாக வந்தாள். "அந்தக் கையைக் கொடு. எதுக்கும் நான் பிடிச்சுக்கிறேன்."

பிடி இறுக்கமாக இருந்தது. கோணல் விரல் நன்றாகவே வலித்தது. பிரேமலதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.