இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர்

சிலிபினில் என் பக்கத்து வீட்டுக்காரன் ரோய்ஸ்டன், பாய்லர் குழாய்களின் சுவர்க் கனத்தை அளந்துவந்தவன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களுக்கு நடுவே எண்ணெய் ஆலைகள் உண்டு, ஆலைக்கு ஒரு பாய்லர் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதை அணைத்துக் குளிரவைத்ததும், இவன் உள்ளே தவழ்ந்துபோய்க் குழாயில் ஜெல் தடவிக் கருவியை வைப்பான். அது ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கனத்தைச் சொல்லும். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போன குழாயை மாற்ற வேண்டும். இருபது வருடம் இதே வேலை. ஆள் கெட்டிக்காரன், வாய்தான் நீளம்.

போன வருடம் கோப்பெங் பக்கம் ஓர் ஆலையில், பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி ஒரு குழாயைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார்.

“தம்பி, இது சத்தம் ஒரு மாதிரியா இருக்கு லா. இன்னொரு தடவ பாரு.”

“ரெண்டு புள்ளி நாலு காட்டுது அண்ணே. மெஷினுக்குத் தெரியாதது ஒங்க சுத்தியலுக்குத் தெரியுமா?”

பசி வேளை. மறுபடி அளக்காமல் எழுதிக்கொண்டு இறங்கிவிட்டான்.

மூன்றாம் வாரம் அந்தக் குழாய் வெடித்தது. கொதிநீரும் ஆவியும் சன்னாசியின் உடம்பை வேகவைத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து செத்தார். அவர் கட்டிலில் கிடக்கும்போதே, பாய்லரில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டார் என்று ஆலைக்காரர்கள் பழியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

பிறகு அந்தக் குழாயை அறுத்து ரோய்ஸ்டனிடம் கொடுத்தார்கள். தான் அளந்த இடத்தை வெர்னியர் அளவுகோலால் பிடித்துப் பார்த்தான். ஒன்று புள்ளி இரண்டு. சுவர் மிகவும் மெலிந்துபோனால் கருவி ஏமாந்து, கனத்தை இரட்டித்துக் காட்டிவிடும். பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது அது. அவனுக்கும் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கியது இவன், செத்தது சன்னாசி அல்லவா? எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தான். விசாரணையில் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தான். பிறகு சன்னாசியின் மனைவி நவமணியிடமும் சொல்லப் போனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டான்.

“அண்ணன் மேல தப்பே இல்லக்கா. தண்ணி சரியாத்தான் இருந்துருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் இவனைப் பார்க்கவே இல்லை.

“தண்ணி சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒம்பது நாளும் சொன்னாரு,” என்றார். “நான் நம்பல. வேல நேரத்துல தூங்கிட்டு இப்பப் பொய் சொல்றீங்களான்னு ஏசினேன். கடைசி நாளுகூட ஏசினேன்.”