மல்லிமாரே, பெல்ட் போடுங்கோ!

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கொழும்புத் தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளன். 'இங்கே எல்லாரும் சமம்' என்று போஸ்டர் ஒட்டியவனும் நான்தான். அதையும் சரிவாகத்தான் ஒட்டினேன்.

எங்கள் முதல் பெண் வெல்டர் திரேசா, கொச்சிக்கடைப் பக்கத்துப் பிள்ளை. ஒருநாள், உயரத்தில் ஏறுவோர் தோளோடு சேர்த்து மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டைப் போடாமல் ஏணியடியில் நின்றாள். எச்சரிக்கைக் கடிதத்தோடு போனேன். அதைக் கொடுத்தால் அவளுடைய வேலை நிரந்தரமாகாது.

“காலையில நான் கத்தினது கேக்கேல்லையா?”

“கேட்டது சேர். ‘மல்லிமாரே, பெல்ட் போடுங்கோ’ எண்டீங்கள். சிங்களத்தில மல்லி எண்டால் தம்பிதானே, நான் ஒருத்தருக்கும் தம்பி இல்லையே.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அவள் சிரிக்கவில்லை. இருந்ததிலேயே சின்ன பெல்ட்டை மாட்டிக் காட்டினாள். அது தோளால் வழுக்கி இடுப்புக்கு வந்தது.

“பெல்ட் பெரிசு எண்டு மூண்டு தரம் சொன்னனான். ‘நல்லாச் சாப்பிடுங்கோ தங்கச்சி’ எண்டு பகிடி விட்டீங்கள்.”

உண்மைதான். என் வயிற்றுக்கு எந்த பெல்ட்டும் இறுக்கம். தளர்வைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

கடிதத்தைக் கிழித்தேன். அவளுக்கு அளவான பெல்ட் வரும்வரை எவரும் உயரத்தில் ஏறமாட்டோம் என்று மேனேஜருக்கு எழுதினேன். அவர் போனில் கத்தினார். முதல் தடவையாகப் பகிடி எதுவும் விடாமல், “ஏலாது சேர்” என்றேன். மூன்றாம் நாள் பெல்ட் வந்தது.

சிரிக்க வைத்தாலே எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாக நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் சிரிக்காமல் நிற்பது யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.