கதவுக்குப் பின்னால் கரிக்கோடு

பேத்திக்கு டாக்டரம்மா கொடுத்த வேலையை நான்தான் செய்கிறேன். காலண்டரில் அவளுக்கு மூச்சு இழுத்த நாளுக்கு ஒரு நீலப் புள்ளி, வீட்டுக்குத் தூரமான நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. புள்ளி வைக்க அதெல்லாம் எதற்கு? நான்கு மாதப் புள்ளிகளை ராமநாதபுரம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒவ்வொரு மாதமும் சிவப்புக்கு முன்னால் இரண்டு மூன்று நீலம், கோலத்துக்கு வைத்த மாதிரி வரிசையாக இருந்தது. டாக்டரம்மா பேத்தியை விட்டுவிட்டு என்னை மெச்சினார்.

பெண் உடம்பில் ஹார்மோன் என்று ஒன்று மாதாமாதம் ஏறி இறங்குமாம். அந்த நாள் நெருங்கும்போது அது சரசரவென்று இறங்கிவிடுமாம். ஆஸ்துமா இருக்கிறவர்களில் சிலருக்கு அப்போது மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிக்கொள்ளுமாம். எல்லாருக்கும் அப்படி இல்லை, சிலருக்குத்தான். நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு மருந்தை விடாமல் எடுத்தால் பயமில்லை என்றார். பேத்தி வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு அமுக்கு, ஒரு உறிஞ்சல். கொஞ்ச நேரத்தில் பிள்ளை சண்டைக்கு வந்துவிடுகிறாள்.

“இதை எங்க அத்தை அப்பவே கண்டுபிடிச்சுட்டா,” என்றேன். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் என் சிரிப்பு நின்றது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவும் சித்தப்பாவும் உப்பு வாரப் போவார்கள். வீட்டை ஆண்டது அத்தை. அய்யாவுக்கும் மூத்தவள், புருஷன் செத்ததும் ஒரே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவள் மீன் ஆய்ந்தால் பூனைகூட ஏமாந்துபோகும், அத்தனை கெட்டி. அவள் வைக்கிற மீன் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது, அதை விடுங்கள்.

சித்தப்பாவுக்கு வாக்கப்பட்டு வந்த சித்திக்குப் பிறந்த ஊர் சிக்கல். விவசாய வீட்டுப் பெண். களையெடுப்புப் பாட்டெல்லாம் தெரியும். எங்கள் உப்புக்காட்டில் களைக்கு எங்கே போவது? குழம்பு கொதிக்கும்போது பாடுவாள். மாதத்தில் இருபத்தைந்து நாள் அவள் பாடுவாள். மற்ற நாட்களில் அவள் நெஞ்சு பாடும். முதலில் பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிசாக, பிறகு கொல்லன் துருத்தி போல. வயதுக்கு வந்த நாள் முதல் அவளுக்கு அப்படித்தானாம்.

அத்தை மூன்றே மாதத்தில் அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டாள். இழுப்பு தொடங்கிய மூன்றாம் நாள் சித்தி வீட்டுக்குத் தூரம், தப்பவே தப்பாது. உள்வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் அத்தை, சித்தி தூரமான நாளிலிருந்து நாளுக்கு ஒரு கரிக்கோடு, மாதத்துக்கு ஒரு வரிசை என்று போட்டுவந்தாள். வரிசையில் இருபத்தைந்து கோடு சேர்ந்துவிட்டால், விடிந்ததும் சித்தி படுத்திருக்கும் பக்கம் காதைக் கொடுப்பாள். சத்தம் கேட்டதும், “இந்த மாசமும் இல்ல,” என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துபோவாள். மற்ற வீட்டு மருமகள்கள் தாங்களாகச் சொன்னால்தான் வெளியே தெரியும். சித்தி வாயைத் திறக்கும் முன்பே அவள் நெஞ்சு ஊருக்குச் சொல்லிவிடும். அம்மா கோரைப்பாயையும் தட்டையும் எடுத்து ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய சாய்ப்பில் வைத்துவிடுவாள். காய்ந்த தழைத் தூசி, புழுக்கை நாற்றம், கொசுவுக்குப் போடுகிற புகை. மூச்சுக்குத் தவிக்கிறவளை மூச்சே விட முடியாத இடத்தில் வைத்தோம். அங்கே இழுப்பு கூடினால், “தீட்டு இறங்குது,” என்பார்கள்.

இப்படி நான்கு வருஷம், பிள்ளை இல்லை. சுவரில் வரிசைகள் அத்தையின் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டன.

எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் தம்பிக்கு உரியவள். சித்தப்பா கல்யாணத்தின்போது அத்தை மகள் மூக்கு ஒழுகித் திரிந்தாள், அதனால்தான் சிக்கலில் பெண் எடுத்தது. இப்போது அவள் சமைந்து இரண்டு வருஷம். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். வந்திருக்கும். சாயல்குடி வரைக்கும் பஸ்ஸில் வந்திருக்கும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வெயிலில் நடக்க அதற்கு முடிந்திருக்காது.

அத்தையைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். சித்தியை வண்டி கட்டித் திருப்புல்லாணிக்குக் கூட்டிப்போய், பிள்ளை வரத்துக்குக் கொடுக்கிற பால் பாயசத்தை வாங்கித் தன் கையால் புகட்டினாள். வரும் வழியில் சொன்னாள்: “சித்திரை வரைக்கும் பாப்போம்த்தா. அதுக்கு மேல என் மகளையும் நான் வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க முடியாதுல்ல.”

அது தை மாதம். இரண்டு நாள் கழித்து ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சித்தி என்னைக் கரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வெள்ளைப் பூவும் முள்ளுக்காயுமாக அங்கே ஊமத்தை மண்டிக்கிடக்கும்.

“ஏ பிள்ள, இந்த எலையப் பறிச்சுக் காயவச்சுத் தாரியா? வாயில வச்சிராத, வெசம். கையக் கழுவிரு.”

“எதுக்குச் சித்தி?”

“எங்க அய்யாவுக்கும் இழுப்பு உண்டு. இதத்தான் சுருட்டிப் புகை பிடிப்பாரு. அமந்துரும்.”

“அப்ப இம்புட்டு நாளு நீ ஏன் பிடிக்கல?”

“உங்க வீட்டுப் பொம்பளைக யாராச்சும் சுருட்டுப் பிடிச்சுப் பாத்திருக்கியா? வெளிய சொன்னியன்னா நான் செத்தேன்.”

உப்பளத்துக்குக் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில், அங்கிருந்த ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து சித்தி புகை பிடித்தாள். நான் வெளியே காவல். எத்தனை பெருமை எனக்கு.

மாசியில் இருபத்தைந்தாம் கோடு வந்தது. அத்தை காதைக் கொடுத்தாள். சத்தமில்லை. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தைந்து. சித்தி சாய்ப்புக்கும் போகவில்லை. நடுவில் ஒருநாள் உப்பளத்து வாய்க்காலில் அவள் பழந்துணி அலசுவதைப் பார்த்தேன். உப்புத் தண்ணியில் யாராவது துவைப்பார்களா என்று கேட்டேன். “ஊருணிக்குப் போனா நாலு பேரு பாப்பாக,” என்றாள். இழுப்பை மட்டுமல்ல, தூரமானதையும் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எங்கே தெரியும்?

ஊமத்தைப் புகை கருமணியை விரித்துவிடும், வாயை வறட்டிவிடும். சித்தியின் கண் இரண்டும் பெரிதாகப் பளபளத்தன. தண்ணீராகக் குடித்தாள், சோறு இறங்கவில்லை, எழுந்தால் தலை சுற்றியது. அத்தை அவள் முகவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“கண்ணப் பாரு, எப்படி மலந்து கெடக்கு. வாய் காயுது. தல சுத்துது. இது வேற என்னத்த?”

சொல்லும்போது அத்தையின் குரல் உடைந்தது. மகளுக்கு நினைத்திருந்த இடம் போனதற்காக அழுதாளா, தம்பிக்கு வாரிசு வருகிறதென்று அழுதாளா, தெரியாது. ஆனால் அன்று முதல் தன் கோழி இட்ட முட்டையைத் தினமும் அவித்துச் சித்திக்குக் கொடுத்தாள். விளைமீன் தலை சித்திக்கு. சித்தப்பா கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்தார். அத்தை மகள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னோடு கிளியாந்தட்டு விளையாட வந்து, தோற்றும் சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இரண்டு மாதம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

சித்திதான் அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுவாள்.

“உங்க அத்த நம்மள நாலு ஏச்சு ஏசுனா நல்லாருக்கும்த்தா. இதத்தான் தாங்க முடியல.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: “அதுக்குள்ள ஒண்ணு நெசமாவே தங்கிருச்சுன்னா, நான் சொன்னது பொய்யில்லாமப் போயிரும்ல? தங்கிரும்ல?”

“தங்கிரும் சித்தி,” என்பேன். எது தங்கும், எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியாது.

பங்குனியில் ஒருநாள் காலை. ஊருணிக் கரையில் ஏழெட்டுப் பெண்கள். அத்தை குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, எந்தச் சாமி கண்ணத் தொறந்துச்சு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எல்லாம் நான் வாங்கிக் குடுத்த பாயசந்தான்,” என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலில் நின்று பறித்தது நான், காயவைத்தது நான், காவல் இருந்தது நான், பெயர் பாயசத்துக்கா?

“பாயசம் ஒண்ணும் இல்ல. நான் பறிச்சுக் குடுத்த ஊமத்த எலதான். அதப் பிடிச்சுத்தான் சித்திக்கு இழுப்பு நின்னுச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். “அடியே, ஊமத்தயத் தின்னா பைத்தியமில்ல பிடிக்கும், பிள்ளையா பிறக்கும்?” என்று ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தை சிரிக்கவில்லை. இடுப்பில் ஏற்றிய நிறைகுடத்தைத் திரும்பக் கீழே வைத்தாள். தண்ணீர் எடுத்த குடத்தை அவள் இறக்கி நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் சித்தியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அடி விழும் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. வெளியே வந்து அய்யாவிடமும் சித்தப்பாவிடமும் சொன்னாள்: “இழுப்ப மறைச்சா, அது கெடக்கு. தூரமாயிட்டு அடுப்படியில நின்னு சோறாக்கிப் போட்டிருக்கா. சாமிக்கு வெளக்கு ஏத்தியிருக்கா, ரெண்டு மாசமா.” பிள்ளை இல்லை என்பதைவிட அது பெரிய குற்றமாகிவிட்டது. சித்தப்பா விரல் நகத்தில் இருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானமே அத்தை ஊருணிக்கரை ஊமத்தையை ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தாள்.

அந்த மாதம் இழுப்பு நாள் தவறாமல் வந்தது. இரண்டு மாதம் அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது போல. சித்தி சாய்ப்பில் முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அத்தை சொல்லியனுப்பி, சிக்கலிலிருந்து அவள் அண்ணன் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்தார். நான் பக்கத்து ஊர்க் கண்மாய் வரைக்கும் ஓடி, ஒரு பிடி ஊமத்தை இலை பறித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். பச்சை இலை, காயக்கூட இல்லை.

“இந்தா சித்தி.”

“வச்சுக்கத்தா,” என்றாள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. “இனி… இழுத்தா… யாரு கேக்கப் போறா.”

இனிமேல் யாரும் காதைக் கொடுக்கமாட்டார்கள், சித்தி நிம்மதியாக இருப்பாள் என்று எண்ணி, சந்தோஷமாகக் கையை ஆட்டினேன்.

வைகாசியில் சித்தப்பாவுக்கும் அத்தை மகளுக்கும் கல்யாணம். அவள் பிறகு விளையாட வரவில்லை.

ஐப்பசி மழையில் சிக்கலிலிருந்து ஒரு ஆள் நனைந்துகொண்டு வந்தார். எல்லாரும் களை எடுக்கப் போயிருந்தார்களாம். சித்திக்குக் காலையில் இழுப்பு கண்டிருக்கிறது. மத்தியானம் வந்து பார்த்தால் உயிர் இல்லை. கூப்பிட்டிருப்பாள், கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அத்தை அழவில்லை. “என்னைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“முந்தாநேத்து. செவ்வாக்கெழம.”

அத்தை உள்ளே போய்க் கதவை இழுத்து, பின்னால் இருந்த சுவரைப் பார்த்து நின்றாள். பங்குனியில் நின்றுபோன கடைசிக் கரிக்கோட்டில் விரலை வைத்தாள். அங்கிருந்து எண்ணத் தொடங்கினாள். உதடு அசைந்தது; விரல் மடங்கி விரிந்தது; மடங்கி விரிந்தது. சித்திரை, வைகாசி, ஆனி என்று வெகுநேரம் எண்ணினாள். “செவ்வாக்கெழம, இருபத்தஞ்சு,” என்று எண்ணி முடிந்த இடத்தில் விரல் அப்படியே நின்றது. பிறகு சுவரில் நெற்றியை வைத்து, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

செத்துப்போனவளுக்கு எதற்கு நாள் எண்ணுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் திரும்பியபோது நெற்றியெல்லாம் கரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்றும் விளங்கவில்லை.