முப்பத்தேழு கான்ஃப்ளிக்டுகள்

வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டீம் லீட் ஷைலஜா எனக்குத் தந்த ஒரே அறிவுரை ஓர் எண்.

"முப்பத்தேழு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கொத்தாய்தா?"

அவர் கோலார்க்காரர், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்; புரிந்ததா என்று கேட்டிருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது. என் வயதைச் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

விஷயம் இதுதான். மருந்து வைக்கும் குளிர் அறைகளுக்கு அலாரம் மென்பொருள் எழுதினோம். எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்ற விதிகளை வாடிக்கையாளரே எழுதிக்கொள்ளலாம். அவற்றைப் படித்துப் பொருள் பிரிக்கும் நிரலான பார்சரை நாங்கள் கையால் எழுதவில்லை. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழிக்கான பார்சர் ஜெனரேட்டரிடம் விதிகளின் இலக்கணத்தைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும். ஒரு விதியை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால் 'கான்ஃப்ளிக்ட்' என்று முனகிவிட்டு, தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். எங்கள் இலக்கணத்தில் அப்படி முப்பத்தேழு. எல்லாம் ஆபத்தில்லாதவை என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணிக்கை மாறினால் மட்டும் பில்ட், அதாவது மென்பொருளைக் கட்டியெழுப்பும் வேலை, நிற்கும். பட்டியலை யாரும் படித்ததில்லை.

காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் பிலோமினா. சரக்கு ஏற்றக் கதவு திறந்திருக்கும்போது அலாரம் வேண்டாம் என்று கேட்டார். அதற்காக, 'இப்படி இருந்தாலொழிய' என்று பொருள்படும் 'அன்லெஸ்' என்ற சொல்லை விதிமொழியில் சேர்த்தேன். கையோடு, அதே வரிகளில் கண்ணில் பட்ட பழைய கான்ஃப்ளிக்டுகள் மூன்றை நீக்கினேன். பில்ட் முப்பத்தேழு என்றது. மூன்று போனால் முப்பத்துநான்கு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

இரண்டே நாளில் பிலோமினாவிடமிருந்து போன் வந்தது.

"சார், கதவத் தெறந்தாலே கத்துது உங்க பெட்டி. லோடிங் பசங்க ஸ்பீக்கர்ல துணி அடச்சிட்டாங்க."

"துணியை எடுக்கச் சொல்லுங்கம்மா."

"எடுத்தா வயரையே புடுங்கிடுவாங்க. காலையிலேர்ந்து மழை, கரண்ட் வந்து வந்து போவுது. கம்ப்ரெஸர் நின்னா எனக்கு யார் சொல்றது? உள்ள முழுக்க இன்சுலின் சார். தெர்மாமீட்டர வெச்சிக்கினு நானே கதவாண்ட உக்காந்திருக்கேன்."

அன்றுதான் பட்டியலைத் திறந்தேன். புதிதாக மூன்று கான்ஃப்ளிக்டுகள். மூன்றும் என் அன்லெஸ் பெற்றுப் போட்டவை. பிலோமினாவின் விதி: சூடு எட்டு டிகிரி தாண்டினாலோ கம்ப்ரெஸர் நின்றாலோ அலாரம், கதவு திறந்திருந்தால் வேண்டாம். அந்த விலக்கைப் பார்சர் கம்ப்ரெஸருக்கு மட்டும் கொடுத்திருந்தது. கதவைத் திறந்தால் வெளிச்சூடு உள்ளே போகும், அலாரம் அடிக்கும்.

ஷைலஜா என் பின்னால் நின்று படித்தார்.

"எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு மேடம்" என்றேன்.

"பஸ்ல மூணு பேர் எறங்கி மூணு பேர் ஏறினா, அதே ஆளுங்களா ரீ?"

முன்னுரிமை சொல்லும் வரி ஒன்றைச் சேர்த்ததும் சரியானது. டெஸ்ட் செய்து அனுப்ப மதியமாகிவிட்டது. அதுவரை அந்த அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

போன் செய்து, கோளாறு எப்படி நேர்ந்தது என்று விரிவாக ஆரம்பித்து, "என் தப்புதான்" என்று முடித்தேன்.

"அது தெரியும் சார். துணிய எடுக்கலாமா, அதச் சொல்லுங்க."

"எடுக்கலாம்மா."

"லைன்லயே இருங்க. கதவத் தெறக்குறேன்." சத்தமில்லை. "மூடிட்டேன். இப்ப கம்ப்ரெஸர ஆஃப் பண்றேன்." போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எச்சரிக்கைகளை எண்ணாதீர்கள், படியுங்கள். மிச்சமிருந்த முப்பத்துநான்கையும் நானும் ஷைலஜாவும் உட்கார்ந்து படித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. அவற்றில் முப்பத்திரண்டு உண்மையிலேயே ஆபத்தில்லாதவை.