ஏழாம் வளைவில் வ.க.

“மலைச் சைக்கிள் தட அலுவலர், வேகத்தில் நாட்டமும், உயரத்துக்குக் கூசாத நெஞ்சுரமும், செங்குத்துச் சரிவுகளில் தாமே ஓட்டிக் காட்டும் தேர்ச்சியும் உடையவராக இருத்தல் வேண்டும்.” வனத்துறையின் பணி விளக்கம் இது. அந்தப் பதவியில் இருப்பவர் இப்போது ஒரு சரிவில் உட்கார்ந்தவாக்கில், இரண்டு கைகளாலும் வேரைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருக்கிறார். வாயில் மஞ்சள் நாடா. “கடவுளே, இதுல மனுஷன் சைக்கிள்ல வேற வருவானா?” என்று நாடாவைக் கடித்தபடியே கேட்கிறார். வருவான். அவன் வருவதற்காகத்தான் அவர் அங்கே வழி வகுத்துக்கொண்டிருக்கிறார்.

வயது நாற்பத்தாறு. சைக்கிளோட்டிகள் வைத்த பெயர் பிரேக் அக்கா. அவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். சமதரையில், ஆளில்லாத தெருவில், காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு. ஆறு வருஷத்துக்கு முன்பு துறையின் வரைபடப் பிரிவில், ஐந்தாம் மாடியில் இருந்தார். லிஃப்டுக்குப் பயந்து, ‘மாடி ஏற வேண்டியிராத எந்த வேலையானாலும் சம்மதம்’ என்று மாற்றல் கேட்டு எழுதினார். மலையில் மாடி கிடையாது என்று யாரோ ஓர் அதிகாரி சரியாகவே கண்டுபிடித்தார்.

புதிய தடம் என்றால் அந்தச் சரிவை மூன்று முறை நடப்பார். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, மழை பெய்யும்போது ஒரு முறை. மூன்றாவதுதான் முக்கியம். “தண்ணி எங்க விழுந்தடிச்சு ஓடுதோ, அங்கதான் இவங்களும் விழுந்தடிச்சு ஓடுவாங்க” என்பார். தண்ணீர் நேரே இறங்க ஆசைப்படும் இடத்தில் தடத்தைக் குறுக்கே திருப்புவார். நடுநடுவே சற்று ஏற விட்டு இறக்குவார். ஒவ்வொரு வளைவிலும் சைக்கிளோட்டியின் கண் உயரத்துக்குக் குனிந்து, எது தெரிகிறது என்று பார்க்கமாட்டார். எது தெரியவில்லை என்று பார்ப்பார். ஆறு வருஷத்தில் அவருடைய தடங்களில் உடைந்தவை ஒரு மணிக்கட்டும் இரண்டு மூக்குக் கண்ணாடிகளும்.

தடம் திறந்த பிறகும் விடுவதில்லை. வளைவுக்குப் பத்தடி தள்ளி ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பார்த்து ‘மெதுவா, மெதுவா’ என்று கையை ஆட்டுவார். அவர்கள் வேகத்தைக் குறைக்காமல் ஒரு கையை எடுத்து, “டாட்டா அக்கா!” என்று போய்விடுவார்கள். ஒரு கையை எடுத்ததில் அவருக்கு இன்னும் உயிர் போகும்.

வீட்டில் இது பழங்கதை. காஸை மூடிவிட்டோமா என்று பார்க்க, வாசல் தாண்டி இரண்டு தரம் திரும்பி வருவார். “இவ பயந்ததுல பாதி நடந்திருந்தா இந்தத் தெருவே இருந்திருக்காது” என்பார் வீட்டுக்காரர். அவர்களோடு தங்கியிருக்கும் தங்கை, இருபத்தெட்டு வயது, மலைச் சைக்கிள் பந்தயக்காரி. அவளுடைய சைக்கிள் கூடத்துச் சுவரில் கொக்கியில் தொங்குகிறது. பிரேக் அக்கா அதன் கீழே போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். “உன் வயித்தைக் கேட்டு நடந்தா நான் மாடிப்படிகூட இறங்க முடியாதுக்கா” என்பாள் தங்கை. “இறங்காதயேன்” என்பார் அக்கா, கேலி புரியாதவரைப்போல.

வயிறு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. அதுதான் அவருடைய கருவி. எங்கே வயிறு கலங்குகிறதோ அங்கே நாடா கட்டுவார். ஆனால் அரசாங்கப் பதிவேட்டில், ‘குறிப்பு’ என்ற கட்டத்தில், ‘வயிறு கலங்குகிறது’ என்று எழுத முடியுமா? சுருக்கமாக ‘வ.க.’ என்று போடுவார். பழைய அதிகாரிக்கு அது தெரியும். ஒரு வ.க. கண்ணில் பட்டால் போதும், அந்தத் தடத்தில் யாரையும் விடமாட்டார். மூன்று வாரத்துக்கு முன்பு அவர் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் மழை. ஞாயிற்றுக்கிழமை மேல்தடத்தில் பந்தயம். சனிக்கிழமை மாலை பிரேக் அக்கா, ‘வளைவு 7 – வ.க.’ என்று எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். புது அதிகாரி எழுத்தரிடம் விளக்கம் கேட்டார். தெரியாது என்று சொல்லி வழக்கமில்லாத அந்த எழுத்தர், “வழி கச்சிதம், சார்” என்றார்.

பந்தயம் கீழ்த்தடத்துக்கு மாறியிருக்கும் என்ற நிம்மதியில்கூட பிரேக் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் தனியாக ஏழாம் வளைவுக்குப் போனார். மேலேயிருந்து ஐம்பது தப்படி நேர் இறக்கம், பிறகு சட்டென்று திருப்பம். திருப்பத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே முப்பதடிப் பாறைப் பள்ளம். சைக்கிள்கள் வேகத்தில் அந்த வெளி ஓரத்தைத்தான் மிதித்துத் திரும்பும். தடத்தின் மேல் ஒரு விரிசல்கூட இல்லை. மண்ணைக் குத்திப் பார்க்கும் கை நீளக் கம்பியை ஓரத்தில் வைத்தார். அழுத்தவே இல்லை, அது தானாக உள்ளே போயிற்று, பிடி வரைக்கும். இழுத்தபோது துளைக்குள் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அப்போது இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி பேசியது. புது அதிகாரி மேல்தடத்தின் தொடக்கத்தில் நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். “பயமே வேண்டாம். ஏழாவது வளைவு வழி கச்சிதம்னு மேடமே எழுதிக் குடுத்திருக்காங்க.”

“சார், அது வழி கச்சிதம் இல்ல சார்! வயிறு கலங்குது சார்!”

“அடடா, உடம்பு முடியலையா மேடம்? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?”

“எனக்கில்ல சார், வளைவுக்கு! யாரையும் விடாதீங்க!”

வளைவுக்கு எப்படி வயிறு கலங்கும் என்று அதிகாரிக்கு விளங்குவதற்குள் மூன்று பேர் புறப்பட்டிருந்தார்கள், நிமிஷத்துக்கு ஒருவராக. “முதல்ல போனது உங்க தங்கச்சிதான் மேடம்” என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. தொடக்கத்திலிருந்து ஏழாம் வளைவுக்கு நான்கு நிமிஷம். அதில் ஒன்றரை நிமிஷம்தான் மீதி.

நாடாவைக் குறுக்கே கட்டலாம்; கழுத்தில் மாட்டினால்? கட்டவில்லை. விழுந்து கிடந்த மரத்தைப் புரட்டப் பார்த்தார், அசையவில்லை. கையை ஆட்டலாம். கையை ஆட்டினால் டாட்டா. தங்கையும் அப்படித்தான் போவாள். மேலே சக்கரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிரேக் அக்கா இறக்கத்தின் உச்சிக்கு, தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடத்துக்கு, தவழ்ந்தும் ஓடியும் ஏறினார்.

“தடத்துல மஞ்சளா ஒரு மூட்டை கிடக்குதுன்னுதான் நினைச்சேன்” என்கிறாள் தங்கை. “கிட்ட வந்தா மூட்டைக்குக் கொண்டை இருக்கு!” சைக்கிள் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றபோது, முன்சக்கரம் மஞ்சள் மழைக்கோட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“லூசா நீ? செத்திருப்பே! எழுந்திரு, ஓரமா வா!”

“ஓரமா வந்தா வழி இருக்குன்னு அர்த்தமாயிடும். இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. நீ மேல ஓடிக் கத்து.”

“நீ?”

“எனக்குப் பயமா இருக்குடி. சீக்கிரம் போ.”

தங்கை சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

‘தடம் உரிய முறைப்படி மூடப்பட்டது’ என்கிறது அன்றைய அறிக்கை. மூடுவதற்கு அங்கே கதவு எதுவும் கிடையாது. மூன்றாவது சைக்கிள் நிற்கும்வரை பிரேக் அக்கா தடத்தின் நடுவில், கண்ணைத் திறக்காமல், உட்கார்ந்திருந்தார்.