ஆரத்தி கேசட்டில் விழுந்த நாய்

“அது விழுறது கல்யாண கேசட்லகூட வந்துடுச்சு மேடம். கரெக்டா ஆரத்தி எடுக்கிற நேரத்துல. எங்க கொழுந்தன் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுது.”

பொம்மனஹள்ளியிலிருந்து வந்திருந்த அந்த அக்கா இதை ஒரு குறையாகத்தான் சொன்னார். நான் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேசைமேல் அவருடைய வெள்ளை பொமரேனியன் அரைத் தூக்கத்தில் கிடந்தது.

“அந்த கேசட் இப்ப எங்க இருக்கு அக்கா?”

“பீரோல. ஏன் மேடம், நீங்களும் பார்த்துச் சிரிக்கவா?”

அப்போது நான் கால்நடை மருத்துவம் முடித்து, அடுகோடியில் ஒரு நாய் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு பக்கமும் லேத் பட்டறை; நடுவில் எங்கள் கிளினிக். நாய், பூனை, கிளி, எப்போதாவது ஒரு ஆடு, எது வந்தாலும் சார் பார்ப்பார். நன்றாகப் பார்ப்பார். ஆனால் இந்த பொமரேனியன் விஷயத்தில் அவரும் சலித்துப் போயிருந்தார். வீட்டில் திடீர் திடீரென்று விழுகிறது என்றார்கள். வலிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்தோம். நாய் நாளெல்லாம் தூங்கியது, எழுந்த நேரத்தில் மறுபடியும் விழுந்தது.

அந்த அக்காவின் கணவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடிய பிறகு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. நாய் அவர் பிள்ளை மாதிரி. அவர்தான் இப்போது, “தினம் செத்துச் செத்துப் பொழைக்குது. பேசாம ஊசி போட்டு அனுப்பிடலாம்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அடுத்த வாரக் கடைசியில் அவருக்கு லீவு. அப்போது கூட்டிக்கொண்டு வருவதாக அக்கா சொன்னபோது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாங்கள் பெரிய டாக்டரிடம் அனுப்பாமலில்லை. ஊரின் அந்தக் கோடியில், கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில், இதய நோய் மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். அப்போதெல்லாம் அனுப்புவது என்றால் ஒரு துண்டுச்சீட்டு. ‘வலிப்பு, இதயத்தையும் பார்க்கவும்’ என்று இங்கிருந்து போகும். ‘இதயம் நார்மல்’ என்று அங்கிருந்து வரும். மீதி எல்லாவற்றையும் நாய்க்காரர்களே சுமக்க வேண்டும். இங்கே தமிழில் கேட்டதை அங்கே கன்னடத்தில் சொல்லி, அங்கே கன்னடத்தில் கேட்டதை இங்கே தமிழில் சொல்லி, மடியில் நாயையும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவார்கள். டாக்டரும் டாக்டரும் பேசிக்கொள்ளும் வழக்கமே இல்லை. “வலிப்பு மாதிரி ஒண்ணும் தெரியலையே, உங்க டாக்டர் எதைப் பார்த்தாரோ” என்று அந்தம்மா சொன்னதாக அக்கா வந்து சொன்ன நாளிலிருந்து சாருக்கு அந்த ஆஸ்பத்திரியின் பெயரே ஆகாது.

அதனால் கேசட் யோசனையை நான் சொன்னதும் அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் போட்டார்.

“கல்யாண கேசட்டை எடுத்துட்டுப் போய் புரொபசர்கிட்ட காட்டப் போறியா? பந்திக்குக் கூப்பிடப் போறோம்னு நினைச்சுக்கப் போறாங்க.”

“அந்த நாய் அங்க போய் விழாது சார். நம்மகிட்டயும் விழாது. வீட்ல மட்டும்தான் விழுது. வீடு அங்க போக முடியாது, கேசட் போகும்.”

“போ. நான் வரல.”

“நம்ம மேசைல இதயம் எப்படி அடிக்குதுன்னு அவங்க கேட்டா? ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டது நீங்கதானே சார். நான் என்ன சொல்றது?”

சனிக்கிழமை மதியம் சார் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால், மடியில் அக்கா கொடுத்த கேசட்.

டாக்டரம்மா நான் நினைத்ததைவிட இளையவர். கன்னடமும் இங்கிலீஷும் எங்களுக்காகக் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். வகுப்பறை டிவியில் கேசட்டைப் போட்டோம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். வீடியோக்காரர் படத்தைச் சுற்றி ஒரு பெரிய இதய வடிவச் சட்டம் போட்டிருந்தார், அதன் ஓரத்தில் ரோஜாப்பூக்கள் சுழன்றன.

“உங்க டிபார்ட்மென்ட்தான் மேடம்” என்றார் சார். அந்தம்மா சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

ரெண்டு நாளாகக் காணாத மாப்பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் நாய் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது. ஆரத்தித் தட்டு சுற்ற, நாய் அவர் காலடியில் ஈரத்துணி மாதிரி சரிந்தது. உதறல் இல்லை, கால் இழுக்கவில்லை, நுரை இல்லை. தட்டு இன்னும் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எழுந்து வாலாட்டியது.

“ரிவைண்ட் மாடி, திருப்பிப் போடுங்க” என்றார் அந்தம்மா. மறுபடி பார்த்தார். மறுபடியும். பிறகு சாரிடம் திரும்பினார். “இது வலிப்பு இல்லை சார், மயக்கம். தாவுற நேரத்துல மூளைக்கு ரத்தம் போதலை. உங்க கிளினிக்ல இதன் ஹார்ட் எப்படி இருக்கும்?”

“மெதுவா. நடுவுல நடுவுல விட்டு விட்டு அடிக்கும். நாய்க்கு அது சகஜம்தானேன்னு விட்டுட்டேன். நம்மகிட்ட வந்தா நல்லாத் தூங்கும்.”

“இங்க குதிரை மாதிரி ஓடுச்சு. பயம். அதனாலதான் நார்மல்னு எழுதினேன்.” கேசட்டை வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தார். “தூங்குற இடத்துக்கு நான் வரணும்.”

அவர் வந்தார். திங்கட்கிழமை, ஈசிஜி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு. லேத் சத்தத்தில் மனுஷனுக்கே தலை வலிக்கும், ஆனால் அந்த நாய்க்கு அது தாலாட்டு. எங்கள் பெஞ்சில் பழகிய மூலையில் சுருண்டது. காலில் கிளிப் மாட்டியும் கண் திறக்கவில்லை. தாள் ஊர்ந்து வந்தது. துடிப்பு, துடிப்பு, பிறகு வெறும் கோடு. கோடு நீண்டுகொண்டே போனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஒரு துடிப்பு வந்தபோது சார், “அடேங்கப்பா, இதைத்தான் நான் சகஜம்னேன்” என்றார் மெதுவாக.

“நீங்க அதைக் காதால கேட்டீங்க, நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கவே இல்லை” என்றார் அந்தம்மா.

இருவரும் பெஞ்சின் இரண்டு பக்கம் நின்று மாத்திரையைப் பேசி முடிவு செய்தார்கள். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது சார் பொறுப்பு. இதயம் விடாமல் அடிக்க, ஆஸ்துமாக்காரர்கள் சாப்பிடுகிற மருந்து ஒன்று. முழுசாகக் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்காரர் அக்காவிடம், “யாருக்கு மூச்சு வாங்குது?” என்று கேட்டாராம். “எங்கூட்டு நாய்க்கு இதயம் சோம்பேறி ஆயிடுச்சு” என்றாராம் அக்கா.

லீவின் முதல் நாள் வந்தது. அக்காவும் கணவரும் நாயோடு வந்தார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நேத்து நான் வேலை விட்டு வர்றப்ப மேல தாவினான் சார். விழலை” என்றார். “முந்தாநாள் ஒருவாட்டி உக்காந்துட்டான். ஆனா விழலை.” ஊசி பற்றி யாரும் பேசவில்லை. நாய் பெஞ்சின் மூலைக்குப் போய்ப் படுத்தது.

அன்று மதியமே சந்தாபுராவிலிருந்து ஒரு லாப்ரடார் வந்தது. வீட்டு மாடிப்படியில் மட்டும் நொண்டுமாம். எங்கள் தரையில் ராஜநடை நடந்து காட்டியது. சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கல்லூரியில் எலும்பு பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், சீட்டு மட்டும் அனுப்பினால் சீட்டுதான் திரும்பி வரும்.

சார் போனை எடுத்து டாக்டரம்மாவின் நம்பரைச் சுழற்றினார். எலும்பு டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“அந்தக் கல்யாண வீடியோக்காரனைப் பிடி. ஞாயித்துக்கிழமை சந்தாபுராவுக்கு வரச் சொல்லு. மாடிப்படிக்குக் கீழ நின்னு எடுக்கணும். ரோஜாப்பூ எல்லாம் வேணாம்னு சொல்லிடு.”